மண்ணும் எழுத்தும்: வாசகர் கேள்வி – பதில்

எழுத்தாளரையும் அவர் பிறந்த மண்ணையும் பற்றிக் கேள்வி அனுப்பும்படி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். "என் கவிதையைப் பிரசுரிப்பீர்களா?" என்று கேட்டவர்களுக்கு இந்தப் பகுதியில் பதில் கிடையாது.

தஞ்சாவூருக்குத் தி. ஜானகிராமன், கரிசலுக்கு கி. ராஜநாராயணன், திருச்செங்கோட்டுப் பக்கத்துக்குப் பெருமாள்முருகன். எங்கள் பக்கம் பாறையும் வேலிகாத்தானும்தான். இதை வைத்து யார் என்ன எழுத முடியும்?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

கி.ரா.வின் இடைசெவலில் மட்டும் அருவியா கொட்டியது? மானம் பார்த்த கரிசல் காடு. அங்கிருந்துதான் 1976-இல் 'கோபல்ல கிராமம்' வந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊரில்தான் எழுத்து முளைக்கும் என்று சுற்றுலாத் துறை சொல்லிக்கொள்ளட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

உங்கள் ஊருக்கே வருவோம். தருமபுரிதான் பழைய தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர். புறநானூற்றை எடுத்து 87-ஆம் பாட்டில் தொடங்கி 104 வரை ஒரே மூச்சில் படியுங்கள். எல்லாம் ஔவையார் பாடியவை. மலை முகட்டில் மேகம் தவழ்கிறது, மாலை வெயில் பொன்னாய் விழுகிறது என்கிற மாதிரி வருணனையைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். 94-இல் ஒரு யானை ஆற்றுத் துறையில் படுத்திருக்கிறது. ஊர்ச் சிறுவர்கள் அதன் வெண்கொம்பைக் கழுவுகிறார்கள், அதுவும் கழுவக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறது. எங்களுக்கு நீ அப்படி, பகைவருக்கோ மதம் பிடித்த யானை என்கிறார் ஔவை. 87-இல் ஒரு தச்சன். நாளைக்கு எட்டுத் தேர் செய்கிற கைக்காரன், ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அது எப்படி இருக்கும், அப்படிப்பட்டவன் எங்கள் தலைவன் என்று எதிரிகளை எச்சரிக்கிறார்.

102-ஐத்தான் நீங்கள் நிறுத்திப் படிக்க வேண்டும். அஞ்சியின் மகன் பொகுட்டெழினி மேல் பாடியது.

"எருதே இளைய; நுகம் உணராவே;
சகடம் பண்டம் பெரிது பெய்தன்றே;
அவல் இழியினும், மிசை ஏறினும்,
அவணது அறியுநர் யார்?"

உப்பு வணிகர்களின் வண்டி அது. காளைகள் இளசு, நுகத்தடி பழகாதவை. பாரமோ அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன ஆகும் என்று யார் கண்டது? அதனால் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்தச் 'சேம அச்சு' போன்றவன் நீ என்கிறார். தொப்பூர் கணவாயில் லாரி இறக்குகிற ஓட்டுநருக்கு இந்தப் பாட்டுக்கு உரையே வேண்டாம். மேடும் பள்ளமுமான இந்த நாட்டின் முழுப் புவியியலும் வண்டிக்கு அடியில் கட்டிய அந்த மரத்துண்டில் இருக்கிறது. ஊர் எழுத்தாளருக்குக் கொடுப்பது இதைத்தான்: அங்கே வாழ்கிறவர்களை அந்த நிலம் என்ன வேலை செய்ய வைக்கிறது, எதற்கு முன்னேற்பாடு செய்ய வைக்கிறது என்பதை. பாறையும் வேலிகாத்தானும் மனிதரிடம் வாங்கும் வேலை கொஞ்சமா என்ன?

முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். பரீட்சைக்கு அப்பால் அதற்கு உபயோகம் உண்டா?
– மத்தூர் வாசகர்

உண்டு. கதை எழுதுகிறவருக்கு அது கைவசம் இருக்கும் ஆயத்தப் பட்டியல். தொல்காப்பியர் கருப்பொருளாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று எட்டு எண்ணுகிறார். ஒரு தாளில் எட்டுக் கட்டம் போட்டு உங்கள் ஊருக்கு நிரப்புங்கள். தெய்வம்: வேடியப்பன். உணவு: களி, கொள்ளுக் கடைசல். மரம்: புளி, புங்கன், மா. தொழில்: பட்டுக்கூடு, கல் குவாரி, பெங்களூருக் கட்டட வேலை. யாழுக்குப் பதில் பேருந்தில் ஓடுகிற பாட்டு. எந்தக் கட்டம் நிரம்பவில்லையோ அங்கே உங்களுக்கு ஊர் தெரியவில்லை என்று பொருள். பறவைக் கட்டத்தில்தான் பலரும் காக்கையோடு நின்றுவிடுகிறார்கள்.

நிரப்பிய பிறகு ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுங்கள். பட்டுப்புழு வளர்க்கும் வீட்டில் புழு மனைக்குப் பக்கத்தில் பூச்சிமருந்து வாடையே ஆகாது, புழு செத்துவிடும். பக்கத்துக் காட்டுக்காரர் தக்காளிக்கு மருந்து அடித்து, அது காற்றில் மல்பெரி இலை மேல் படிந்தால் ஒரு முட்டைத் தொகுதி முழுக்கப் போச்சு. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோக வேறு என்ன வேண்டும்? கதை அந்தக் கோட்டின் மேல்தான் ஓடுகிறது.

பாலைக்குத் தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வறண்டு போனால் பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் சொல்வதையும் ஒருமுறை பங்குனி மாதத்து அரூர்ச் சாலையில் வைத்து நினைத்துப் பாருங்கள். பாலைக்குரிய உரிப்பொருள் பிரிவு. வேலை தேடிப் போகிறவர்களின் பேருந்து அந்தச் சாலையில்தான் போகிறது.

மாணவர்களை ஒகேனக்கல் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நாற்பது பேரும் "பால் போல் கொட்டும் அருவி" என்றே எழுதுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் பிள்ளைகள்! எப்படிப் பழக்குவது?
– தமிழாசிரியர், பென்னாகரம்

முதலில் அந்த வரியைத் தடை செய்யுங்கள். தடை செய்தால் "வெள்ளி உருகி ஓடுகிறது" என்று வரும். அதையும் தடை செய்யுங்கள். உவமையே கூடாது என்று சொல்லிவிட்டால்தான் பிள்ளைகள் கண்ணைத் திறப்பார்கள்.

பிறகு தேதி. ஒகேனக்கல்லைப் பற்றி எழுதுகிற பெரியவர்களே தடுக்கி விழும் இடம் இது. அங்கே தண்ணீர் பெருகுவது தருமபுரியில் பெய்யும் மழையால் அல்ல. ஜூன் கடைசி முதல் ஆகஸ்டு வரை குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை வலுத்து, கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பித் திறந்துவிட்டால் இங்கே வெள்ளம். அதே ஆடியில் பென்னாகரத்துக் காடு காய்ந்து கிடக்கலாம், நிலக்கடலை விதைத்தவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். உள்ளூர் நல்ல மழை பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசியில். ஒரு கதையில் "மழை கொட்டித் தீர்த்தது, அருவி பொங்கியது" என்று அடுத்தடுத்து எழுதினால் ஊர்க்காரர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். மழையே காணாத ஊருக்குள் வெள்ளம் வந்து நிற்பது எவ்வளவு பெரிய விஷயம்! நாற்பது பேரில் ஒருவராவது அதை எழுதட்டும்.

எந்த நாளில் எவ்வளவு தண்ணீர் என்பதை ஊகிக்கவும் வேண்டாம். கர்நாடக எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. வினாடிக்கு இத்தனை கன அடி என்று நாளிதழில் வரும். பிள்ளைகள் ஒரு மாதம் அந்த எண்ணைக் குறித்து வரட்டும். எந்த அளவுக்கு மேல் போனால் குளிக்கத் தடை, எப்போது பரிசலை நிறுத்துகிறார்கள், அன்றைக்குப் பரிசல்காரர் வீட்டில் என்ன சமையல், எண்ணெய் தேய்த்துவிடுகிறவருக்கும் மீன் பொரிக்கிறவருக்கும் என்ன வருமானம் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். எண் இருந்தால் கேள்வி தானாக வரும்.

அடுத்து, ஒரே ஒரு பொருள். பரிசலை எடுத்துக்கொள்ளலாம். மூங்கிலைப் பிளந்து வட்டமாகப் பின்னுகிறார்கள். அடியில் முன்பு தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, அடியில் நேராகச் செலுத்தும் கட்டையும் கிடையாது. ஆகவே துடுப்பை நிறுத்தினால் சுற்றும். பயணிகளைச் சிரிக்க வைக்க வேண்டுமென்றே சுற்றிவிடுவதும் உண்டு. நீரோட்டத்தோடு இறங்கியது எதிர்த்து ஏறாத இடத்தில், பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு பாறை வழியாக நடந்து திரும்புகிறார்கள். ஆற்றில் ஆளைச் சுமந்த பரிசலைக் கரையில் ஆள் சுமக்கிறார். இதற்கு மேல் உவமை எதற்கு?

ஒரு விஷயத்தைப் பார்த்த அன்றே கவிதையாக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிக்கொடுங்கள். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டோரத்தியும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் டாஃபடில் பூக்களைப் பார்த்தது 1802 ஏப்ரல் 15. டோரத்தி அதை நாட்குறிப்பில் எழுதி வைத்தார்: காற்று எப்படி அடித்தது, பூக்கள் எங்கே அடர்த்தி, எங்கே கலைந்து நின்றன என்று. அண்ணனின் புகழ்பெற்ற கவிதை இரண்டு ஆண்டு கழித்துத்தான் எழுதப்பட்டது, அச்சில் வந்தது 1807-இல். கவிதையில் அவர் தனியாகத் திரிந்ததாக இருக்கிறது, தங்கையைக் காணோம்! ஆனால் குறிப்பேடு இல்லாவிட்டால் பூவும் இருந்திருக்காது. உங்கள் வகுப்பில் பாதிப் பேர் டோரத்தி வேலை செய்யட்டும், மீதிப் பேர் மூன்று மாதம் கழித்து அந்தக் குறிப்பிலிருந்து எழுதட்டும். வித்தியாசம் தெரியும்.

கடைசியாக, பென்னாகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு கேள்வி. ஆறு பக்கத்தில் ஓடியும் இந்த மாவட்டத்தில் பல ஊர்கள் ஆழ்துளைக் கிணற்றின் ஃபுளோரைடு நீரையே குடித்து வளர்ந்தன. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைக் குழந்தைப் பருவத்தில் தொடர்ந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழுகிறது, அளவு இன்னும் கூடினால் எலும்பையே வளைக்கிறது. பிறகுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. வீட்டில் பாட்டியின் பல், அம்மாவின் பல், தன் பல் மூன்றையும் பார்த்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். காவிரியைப் பற்றி இதுவரை யாரும் எழுதாத கட்டுரை வரும்.

இயற்கை வருணனைக்கு ஒரு சிறுகதையில் எத்தனை வரி ஒதுக்கலாம்?
– காரிமங்கலம் வாசகி

கதாபாத்திரத்துக்கு நின்று பார்க்க எத்தனை நொடி கிடைக்குமோ அத்தனை வரி. தலையில் புல்லுக்கட்டோடு போகிறவளை நிறுத்தி அஸ்தமனத்தை ரசிக்க வைக்காதீர்கள்.

எங்கள் வயலோரம் ஒரு நடுகல் இருக்கிறது. வில் பிடித்த வீரன், சில எழுத்துகள். இதை வைத்து ஒரு கதை எழுத ஆசை. எழுத்தை எப்படிப் படிப்பது?
– அரூர் வட்டார விவசாயி

ஔவைக்கும் உங்களுக்கும் ஒரே பொருள் கிடைத்திருக்கிறது. அதியமான் இறந்தபின் அவர் பாடிய 232-ஆம் புறப்பாட்டு, நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்த்துப் படைப்பதைச் சொல்லி, மலை சூழ்ந்த நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தக் கொஞ்சம் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறது.

முதலில் செய்யக் கூடாதவை. எழுத்து எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள், மாவு பூசாதீர்கள், கம்பித் தூரிகையால் சுரண்டாதீர்கள். இருக்கும் கொஞ்சநஞ்ச விளிம்பும் தேய்ந்துபோகும். தேய்த்தவர் கோடு எழுத்தின் கோடோடு கலந்து பின்னால் படிப்பவரைத் தவறாகவும் படிக்க வைக்கும். வேடியப்பன் என்று ஊர் கும்பிடுகிற கல்லாக இருந்தால் செருப்பைக் கழற்றி, பூசை வைப்பவரிடம் கேட்டுவிட்டுக் கிட்டே போங்கள்.

படம் எடுக்க உச்சிவெயில் ஆகாது, நேரெதிர் ஃபிளாஷும் ஆகாது. இரண்டும் பள்ளத்தை நிரப்பித் தட்டையாக்கிவிடும். காலை ஏழு மணிக்குள், அல்லது இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைக் கல்லின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழக் கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நிழல் விழும். இடப்பக்கம், வலப்பக்கம், மேல்பக்கம் என்று வெளிச்சத்தை மாற்றி மூன்று படம் எடுங்கள். ஒன்றில் மறைந்த எழுத்து மற்றொன்றில் கிடைக்கும். கல்லின் உயர அகலம் தெரிய ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள். மைப்படி, அதாவது கல்லின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எழுத்தைப் பதிந்தெடுப்பது, பயிற்சி பெற்றவர் வேலை, அதை விட்டுவிடுங்கள். பழைய கல்லானால் பெரும்பாலும் வட்டெழுத்தாக, தமிழின் பழைய வளைந்த எழுத்து வடிவமாக, இருக்கும். படத்தைத் தருமபுரி அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம் காட்டுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லி வையுங்கள். கல்லை இடம் மாற்ற வேண்டாம். எந்த மேட்டைப் பார்த்து நிற்கிறது, எந்த வழித்தடத்தில் நிற்கிறது என்பதில் பாதிச் செய்தி இருக்கிறது.

எழுத்து இல்லாத கல்லையும் படிக்கலாம். வீரன் காலடியில் மாடுகள் இருந்தால் ஆநிரை கவர்தலிலோ மீட்டலிலோ இறந்தவன். புலி பாய்ந்தால் புலிகுத்திக் கல். இருபுறமும் பெண்கள் தூக்கிச் செல்வதுபோல் இருந்தால் வீரசுவர்க்கம். உடம்பில் தைத்த அம்புகளைக்கூடச் சில கற்களில் செதுக்கியிருப்பார்கள்.

எழுத்துள்ளவை ஏறக்குறைய ஒரே வாய்பாடு: இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன் இன்னார், இன்ன ஊர்த் தொறு கொண்டபோது பட்டான், அவன் கல். 'தொறு' என்றால் மாட்டு மந்தை. அவ்வளவுதான். அழுகை இல்லை, அடைமொழி இல்லை. உங்களுக்கு அடுத்த வட்டாரமான செங்கம் பக்கம் எடத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் எருமை மந்தைக்காகச் செத்தான். அவனுடைய நாயும் கல்லில் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன்; இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காவலாகவே இருந்தது என்று தனியே பொறித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முந்தைய நாய்க்குப் பெயர் கிடைக்கிறது! கதை எழுத இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்தக் கல்லின் சிக்கனத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். நடுகல் கதை எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தவறுவது, வீரனை நாலு பக்கம் வசனம் பேச வைப்பதில்தான்.

ராஜாஜி எங்கள் ஓசூர்ப் பக்கத்துக்காரர். தொரப்பள்ளியும் தென்பெண்ணையும் அவர் எழுத்தில் எந்த அளவு இருக்கின்றன?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், சூளகிரி

1878 டிசம்பர் 10-இல் தொரப்பள்ளியில் பிறந்தவர். பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. ஆனால் அவருக்கு சாகித்ய அகாதெமி பரிசு (1958) வாங்கித் தந்தது 'சக்கரவர்த்தித் திருமகன்' என்ற ராமாயணம். வான்மீகியின் காட்டில் தென்பெண்ணையைத் தேடாதீர்கள். அவருடைய ஊர்ப்பக்கத்து மனிதர்களைப் பார்க்க வேண்டுமானால் சிறுகதைகளுக்குப் போங்கள். வக்கீலாகச் சேலத்திலும் பிறகு திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலும் இருந்த காலத்தில் கண்ட வறட்சி, கடன், கள்ளுக்கடை, தீண்டாமை எல்லாம் அவற்றில் உண்டு. ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காக அவர் நடத்திய 'விமோசனம்' இதழில் உதவி செய்தவர் கல்கி. பிரசாரக் கதைகள்தாமே என்று சிலர் ஒதுக்குவார்கள். பாதி உண்மை. மீதிப் பாதிக்காகப் படிக்கலாம்.

கென்னத் ஆண்டர்சன் எழுதிய அஞ்செட்டி, ஜவளகிரிக் காடுகள் நிஜமா, கற்பனையா? அவரைப் பின்பற்றிக் காட்டுக்குள் போய் எழுத முடியுமா?
– தேன்கனிக்கோட்டை இளைஞர்

இடங்கள் நிஜம். பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர், எழுத்தாளர் ஆண்டர்சன் (1910–1974) அன்றைய சேலம் மாவட்ட வடபகுதிக் காடுகளைத் தன் வீட்டுக் கொல்லை மாதிரி சுற்றியவர். 1954-இல் வந்த முதல் புத்தகத்திலேயே ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலி உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சிவனிப்பள்ளிக் கருஞ்சிறுத்தை பின்னால் ஒரு புத்தகத்தின் தலைப்பிலேயே ஏறியது. வேட்டை நடந்தபடியே எழுதினாரா, மெருகு போட்டாரா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அது வேட்டைக்காரர் எல்லாருக்கும் உள்ள வழக்கு.

எழுதுகிறவர் அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. புலியைக் காட்டுவதற்கு முன் நிலத்தைக் கட்டுகிறார்: எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மைல், வண்டித்தடம் ஓடையை எங்கே கடக்கிறது, வனத்துறை பங்களா எந்த மேட்டில், கிணறு எவ்வளவு தள்ளி. இதெல்லாம் வாசகர் மனதில் பதிந்த பிறகு ஓடைத் திருப்பத்தில் ஒரு சருகு சத்தம் கேட்டால் போதும், முதுகு சில்லிடும். நம் ஆட்கள் எழுதும் காட்டுக் கதைகளில் புலி முதல் வரியிலேயே உறுமிவிடுகிறது. அது எங்கிருந்து எங்கே பாய்கிறது என்றே தெரியாததால் பயமும் வருவதில்லை. சின்னாற்றுப் பக்கத்துப் பூசாரி பைராவைத் தன் குரு போலவே அவர் எழுதியிருப்பதும் கவனிக்கத் தக்கது. தடம் படிக்கத் தெரிந்தவர் எப்போதும் உள்ளூர்க்காரர்தான்.

உள்ளே போகலாமா என்றால், அனுமதியில்லாமல் கூடாது. அந்தக் காடுகளில் பெரும்பகுதி 2014 முதல் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம். அத்துமீறினால் வழக்கு வரும், அதற்கு முன்னால் யானை வரும். தேன்கனிக்கோட்டை–அஞ்செட்டிப் பொதுச் சாலையில் பகலில் பேருந்தில் போனாலே ஒரு நாவலுக்கான நிலம் கண்ணில் படும். ராகி விளைந்த காலத்தில் யானைக் காவலுக்குப் பரண் மேல் இரவெல்லாம் விழித்திருக்கிற விவசாயியிடம் பேசுங்கள். ஆண்டர்சன் எழுதாமல் விட்டது அந்த ஆளின் பக்கம்.

மலை, ஆறு, காடு என்றால் சரி. சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன் எதை எழுத? ஓசூரில் இலக்கியத்துக்கு என்ன இருக்கிறது?
– தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

டப்ளினில் என்ன இருந்தது? ஜேம்ஸ் ஜாய்ஸ் 1904 ஜூன் 16 என்ற ஒரே நாளை எடுத்து 'யுலிசஸ்' நாவலை எழுதினார். டப்ளினில் உட்கார்ந்துகூட எழுதவில்லை. டிரியெஸ்ட், ஜூரிச், பாரிஸ் என்று வெளிநாட்டில் இருந்துகொண்டு, அந்த ஆண்டு டப்ளின் முகவரிக் கையேட்டைப் புரட்டி எந்தத் தெருவில் எந்தக் கடை என்று சரிபார்த்தார். ஊரில் இருந்த அத்தைக்குக் கடிதம் எழுதி, எக்கிள்ஸ் தெரு 7-ஆம் எண் வீட்டு முன் கம்பி வேலியில் சாதாரண ஆள் ஒருவர் ஏறி அந்தப் பக்கம் அடிபடாமல் இறங்க முடியுமா என்று விசாரித்தார். கதாநாயகன் சாவியை மறந்துவிட்டு அப்படித்தான் வீட்டுக்குள் போகிறான்.

உங்களிடம் இருப்பதைப் பாருங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே டீக்கடையில். இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துவிட்டன. யார் யாரிடம் எந்த மொழியில் ஆரம்பித்து எந்த மொழிக்கு மாறுகிறார், கோபம் வந்தால் எந்த மொழி, பணம் எண்ணும்போது எந்த மொழி என்று ஒரு வாரம் குறித்தாலே வேறு எந்த ஊர் எழுத்தாளருக்கும் கிடைக்காத சரக்கு. இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனிப் பேருந்தில் யார் எந்த இருக்கை, நிரந்தர ஊழியரும் ஒப்பந்தக்காரரும் பக்கத்தில் உட்காருவார்களா, அதே நேரத்தில் ரோஜாக் கட்டுகள் எந்த வண்டியில் போகின்றன என்று எழுதுங்கள். நேரத்தில் மட்டும் பிசகக் கூடாது. ஷிப்ட் ஆறுக்கு முடிகிறது என்றால் ஐந்தரைக்குக் கதாநாயகன் வாசலில் நின்று டீ குடிக்க முடியாது.

ஓசூரை எழுத ஓசூரில்தான் கதை நடக்க வேண்டும் என்பதும் இல்லை. பெங்களூர்க் கட்டடத்தில் சாரம் கட்டுகிற தருமபுரிக்காரர்கள் சனிக்கிழமை ராத்திரி பேருந்து ஏறும் இடமும் இந்த மாவட்டங்களின் நிலப்பரப்புதான்.

காவேரிப்பட்டினம் மாந்தோப்பை வைத்து நாவல் எழுதுகிறேன். தோப்பு என்றால் நிழல், குயில், பழவாசனை தவிர வேறு வர மாட்டேன் என்கிறது.
– வாசகி, காவேரிப்பட்டினம்

குயிலை விரட்டுங்கள். குத்தகைக்காரரைக் கூப்பிடுங்கள்.

தை, மாசியில் மரம் பூத்தவுடனேயே வியாபாரி வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்து மொத்தமாக விலை பேசிவிடுவது வழக்கம். அப்போது காயே இல்லை, பூவை வைத்துக் கணக்கு. இரண்டு பேரும் இன்னும் நடக்காததைப் பந்தயம் வைக்கிறார்கள். பூ நேரத்தில் பனியும் மூட்டமும் நின்றால் சாம்பல் நோய், தத்துப்பூச்சி சாறு உறிஞ்சினால் பூ கருகிக் கொட்டும், அதன் தேன்கழிவு இலையில் படிந்து கரும்பூசணம் பிடிக்கும். பிஞ்சுவிட்ட பிறகு ஒரு கோடைக் காற்று போதும். நஷ்டம் யார் தலையில் என்று பேச்சில் எழுதியிருக்காது. அங்கேதான் உங்கள் நாவலின் நடுப்பகுதி.

சித்திரையில் அல்போன்சா, செந்தூரா முந்திக்கொள்ளும், பெங்களூரா பின்னால், நீலம் கடைசி. பெங்களூராவில் பெரும்பகுதி கூழ் ஆலைக்கு. ஆலை வாங்கத் தாமதித்தால் மரத்திலும் வைத்திருக்க முடியாது, பறித்தும் வைத்திருக்க முடியாது. விலை விழுந்த ஆண்டில் பறிக்கும் கூலிகூடத் தேறாமல் காய் மரத்திலேயே விடப்படும்.

பறிப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். நீளக் கழியின் நுனியில் வலைப் பை. காம்பு ஒட்ட முறித்தால் பால் பீய்ச்சும். தோலில் பட்ட இடம் கருத்துப்போகும், சந்தையில் தரம் இறங்கும். கையிலோ கன்னத்திலோ பட்டால் பறிப்பவருக்குப் புண். அதனால் காம்போடு எடுத்து, பிறகு காம்பை நறுக்கி, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் பாலை வடியவிடுகிறார்கள். பழவாசனை எழுதுமுன் இந்தப் பால்வாசனையை எழுதுங்கள். அந்தப் புண் ஆறாத கையால் ஒரு கதாபாத்திரம் குழந்தையைத் தூக்கட்டும்.

ஊர்ப்பெயரை நிஜமாக வைப்பதா, கற்பனைப் பெயரா? சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.
– ஊத்தங்கரை எழுத்தாளர்

பெயரை மாற்றுங்கள், தூரத்தை மாற்றாதீர்கள். ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி டார்செஸ்டர் என்ற நிஜ ஊரைக் காஸ்டர்பிரிட்ஜ் ஆக்கினார். ஆனால் அவருடைய கற்பனை வட்டாரமான வெசெக்ஸில் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடக்கும் நேரம் ஏறத்தாழ நிஜ நிலத்தின் நேரமே. ஆர்.கே. நாராயணன் 1935-இல் மால்குடியைக் கட்டும்போது ஆறு, ரயில் நிலையம், கடைத்தெரு ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்தடுத்த நாவல்களிலும் கைவிடாமல் காப்பாற்றினார். நீங்களும் ஒரு வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் கிழக்கே இருந்த ஏரி பத்தாம் அத்தியாயத்தில் மேற்கே போவது கற்பனை ஊர்களின் நிரந்தர நோய்.

பெயர் மாற்றினால் மட்டும் சொந்தக்காரர் ஏமாற மாட்டார். தொழில், குடும்ப அமைப்பு, பேச்சுப் பாணி மூன்றில் இரண்டையாவது மாற்றுங்கள். பொதுப் பதிவில் உள்ள நிகழ்ச்சி என்றால் நியாயம் வேறு. வாச்சாத்தி மலைவாழ் மக்கள் மேல் 1992 ஜூன் 20-இல் வனத்துறையினரும் போலீசாரும் நடத்திய வன்கொடுமையும், 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்று சொன்னதும் ஆவணம். அதைத் தொடுகிறவர் ஊர்ப்பெயரை மறைத்தால் அந்த மக்கள் பத்தொன்பது ஆண்டு நடத்திய வழக்கையும் மறைத்ததாகிவிடும். பாதிக்கப்பட்ட தனிப்பட்டவர்களின் அடையாளத்தைத்தான் மறைக்க வேண்டும்.

வட்டார வழக்கில் முழுக்க எழுதலாமா?
– மொரப்பூர் வாசகர்

பேச்சில் எழுதுங்கள், கதை சொல்லும் குரலில் அளவாகப் போதும். தெற்கத்தி நாவல்களை நிறையப் படித்தவர்கள் மொரப்பூர்க் கிழவி வாயில் 'கேப்பை'யை வைத்துவிடுகிறார்கள். உங்கள் பக்கம் அது ராகி, கேழ்வரகு. கி.ரா. 1982-இல் கரிசலுக்கு வட்டார வழக்குச் சொல்லகராதி போட்டதுபோல் உங்களுக்கென ஒரு குறிப்பேடு வைத்து, சொல்லோடு அதைச் சொன்னவரின் வயதையும் ஊரையும் எழுதி வாருங்கள். அரூர்ச் சொல் தளியில் செல்லாது.

எழுத்தோடு தொடர்புள்ள இடங்களை இரண்டு மாவட்டத்திலும் இரண்டு நாளில் பார்க்க முடியுமா?
– வாசகர் வட்டம், கிருஷ்ணகிரி

முடியும், கிழமையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. முதல் நாள் ஓசூர், தொரப்பள்ளி நினைவு இல்லம், பிறகு நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி அருங்காட்சியகம், வெயில் தாழ்ந்ததும் மலைக்கோட்டை. இரவு தருமபுரி. மறுநாள் காலை அருங்காட்சியக நடுகற்கள், அதியமான்கோட்டை, அங்கிருந்து பாப்பாரப்பட்டி. தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறவே தடை போடப்பட்ட விடுதலைப் போராட்ட வீரர், 'ஞானபானு' நடத்திய பத்திரிகையாளர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-இல் கண்மூடியது அந்த ஊரில். அவருடைய நினைவிடத்தில் ஒரு மணி நேரமாவது வேண்டும். மதியத்துக்கு மேல் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல். தண்ணீர் அளவைக் காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், தடை போட்டிருந்தால் பாதி வழியில் தெரிந்து பயனில்லை. தீர்த்தமலையையும் இதிலேயே நுழைக்கப் பார்க்காதீர்கள். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய மலை அது, படி ஏறி இறங்கவே அரை நாள் ஆகும். அரூரில் தங்கி வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.